பன்னிரண்டு மெத்தைக்காரி

ஷோர்குல் கிராமத்தில் அந்த இலையுதிர் காலத்தில் எந்த வீட்டுக்கும் கூரை இல்லை. போன வருடச் சண்டையில் ஊரே கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடியது. பின்னால் வந்தவர்கள் வீடுகளை நிதானமாகப் பிரித்து வண்டியில் ஏற்றிப் போயிருந்தார்கள். உத்திரம், கதவு, ஜன்னல் சட்டம், தரைப்பலகை என்று எதையும் விடவில்லை. மண்சுவரைப் பெயர்த்து விற்க முடியாது என்பதால் அது மட்டும் நின்றது. ஒரு குளிர்காலத்தை வேறொரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு ஆறு குடும்பமாகக் கழித்துவிட்டுத் திரும்பி வந்த ஜனங்கள், அந்தச் சுவர்களுக்கு நடுவில் நின்று வானத்தைப் பார்த்தார்கள். சொந்த நாட்டுக்குள்ளேயே விரட்டப்பட்டவர்களுக்கு அகதி என்ற பெயரும் கிடையாதாம். 'இடம்பெயர்ந்தோர்' என்று காகிதத்தில் எழுதினார்கள். பெயர் எதுவானால் என்ன, மழை பாரபட்சம் பார்க்காமல் நனைத்தது.

நசோகத்துக்கு முப்பத்தெட்டு வயது. கணவன் திலோவர் பண்ணையில் டிராக்டர் ஓட்டியவன். தப்பி ஓடிய வழியில், ஆற்றுப் பாலத்தருகே ஆண்களை மட்டும் தனியாக ஒதுக்கி நிறுத்தினார்கள். நின்றவர்களில் ஒருவர்கூடப் பாலத்தைத் தாண்டவில்லை. மிஞ்சியது பதினோரு வயது சவ்ரி, மூன்று வயது பரோத், மூன்று மெத்தை, ஒரு பானை. வீட்டின் மூலையில் நாணலைச் சாய்த்து, நிவாரணத்தில் கிடைத்த பிளாஸ்டிக் விரிப்பை மேலே கட்டி, மூவரும் அதற்குள் இருந்தார்கள். பரோத்துக்குப் பள்ளிக்கூடத்தில் பிடித்த இருமல் இன்னும் போகவில்லை. பனி விழுவதற்குள் அவன் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும். நசோகத் அந்த வருடம் கடவுளிடம் கேட்டது அது ஒன்றுதான்.

தகரமும் உத்திர மரமும் வரப்போவதாக நிவாரண அலுவலகம் சொல்லி அனுப்பியது. ஊரில் இருந்தவை நாற்பத்தோரு வீடுகள். முதல் லாரியில் வருவது பதினான்கு வீட்டுக்கு. அந்தப் பதினான்கு யார் என்று முடிவு செய்ய, நகரத்திலிருந்து ஒருவர் வந்து வீடு வீடாகப் பார்த்து, இருப்பதையும் இல்லாததையும் ஒரு படிவத்தில் குறித்துக்கொண்டு போவார்.

சேதியைக் கொண்டுவந்தவன் ஹோல்மத். சண்டைக்கு முன் பண்ணைக் கிடங்குக்குப் பொறுப்பாளன். ஊரின் மூத்த ஆண்களெல்லாம் பாலத்தருகே முடிந்துபோனதால் இப்போது இவன்தான் தலைவர். மூக்கு நீளமான ஆள். கலவரம் வரப்போவதை மோப்பம் பிடித்து, பீங்கான் கிண்ணம் முதல் மெத்தை வரைக்கும் எல்லாவற்றையும் மலையில் மச்சான் வீட்டுக்கு முன்கூட்டியே அனுப்பிவைத்தவன். மற்றவர்கள் பரதேசியாகத் திரும்பி வந்தபோது இவன் பொருள் மட்டும் வண்டி கட்டிக்கொண்டு வந்தது.

அவன் நசோகத்தின் பிளாஸ்டிக்குக்கு முன்னால் வந்து நின்று, நகரத்து விருந்தாளி அவள் வீட்டில்தான் சாப்பிட வேண்டும் என்றான்.

"என் பொண்டாட்டி சமையல்தான் உனக்கே தெரியுமே தங்கச்சி. ஒரு வாய் வச்சான்னா ஊரையே பட்டியல்லேர்ந்து அடிச்சிடுவான்."

நசோகத் சிரித்துவிட்டாள். பாலத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான். சண்டைக்கு முன்னால் எந்தக் கல்யாணமானாலும் அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்பவள் அவள்தான். அந்தப் பெருமை இன்னும் யாருக்கோ ஞாபகம் இருக்கிறதே என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனாள். பாவி மகளுக்கு எங்கே தட்டினால் திறக்கும் என்று ஹோல்மத்துக்குத் தெரிந்திருந்தது.

விரிக்க என்ன இருக்கிறது என்று அவள் கேட்டதற்கு, என் வீட்டில் இருப்பது எதற்கு இருக்கிறது என்றான். சாயங்காலமே எல்லாம் வந்து சேர்ந்தது. பூப்போட்ட தேநீர்க் கெண்டி, பன்னிரண்டு மெத்தை, அரிசி, காரட், ஆட்டின் தொடைக்கறி, காய்ந்த மல்பெரி, திராட்சை, காகிதம் சுற்றிய மிட்டாய். சுமந்து வந்த ஹோல்மத்தின் மனைவி சர்வினோஸ், மெத்தைகளை இறக்கும்போது நசோகத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ.

மறுநாள் நுஸ்ரத் என்கிற அந்த நகரத்து ஆள் வந்தான். முப்பது வயது, சுத்தமான சப்பாத்து, மரியாதையான பேச்சு. முதலில் ஹோல்மத் வீட்டைப் பார்த்தான். அங்கே வெறும் சுவரும், ஓட்டை வாளியும், தரையில் வைக்கோலும் இருந்தன. பிறகு நசோகத்தின் வீட்டுக்கு வந்தான். அவள் தஸ்தர்கான் என்கிற விருந்துத் துணியை விரித்து, நடுவில் ரொட்டியை அடுக்கி, சுற்றிலும் இனிப்பைப் பரப்பியிருந்தாள். புலாவ் வாசனை தெரு முனை வரை போயிருந்தது. நுஸ்ரத் இரண்டு மெத்தை உயரத்தில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டான். பரோத் அவன் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு அவன் கையிலிருந்து திராட்சை வாங்கித் தின்றான். சாப்பிட்டுக் கை துடைத்துவிட்டு நுஸ்ரத் பையிலிருந்து படிவத்தை எடுத்தான். மெத்தைகளை ஒருமுறை கண்ணால் எண்ணினான். அவனும் இந்த மண்ணில் பிறந்தவன்தான், சந்தேகம் வராமல் இல்லை.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இதெல்லாம் உங்களோடதுதானா?"

ஹோல்மத் தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான். விருந்தாளி சாப்பிட்ட கை காய்வதற்குள், அந்தச் சோறு இரவல் என்று எந்த வீட்டுக்காரி சொல்வாள்? சொன்னால் அது அவன் தொண்டையில் கையை விட்டுப் பிடுங்குகிற மாதிரி. நசோகத்தின் அம்மா சொன்னதில்லை, அவளும் சொல்லமாட்டாள்.

"வீட்டுல இருக்கிறதுதான் ஐயா. இன்னும் கொஞ்சம் வச்சுக்குங்க."

நுஸ்ரத் குனிந்து எழுதினான். மெத்தை, பதினைந்து. இறைச்சி, உண்டு. இனிப்பு, உண்டு. படிவத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினான், அவ்வளவுதான். அவன்மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

இரண்டு வாரத்தில் பட்டியல் வந்தது. முதல் பெயர் ஹோல்மத். நசோகத்தின் பெயர் பதினான்கிலும் இல்லை, அதற்குக் கீழே காத்திருப்போர் என்று எழுதியிருந்த பத்திலும் இல்லை. அன்று மாலையே சர்வினோஸ் மெத்தைக்கு ஆள் கூட்டிக்கொண்டு வந்தாள். எண்ணிப் பார்த்து, கெண்டியின் மூக்கைத் தடவிப் பார்த்து எடுத்துப்போனாள். நசோகத் பின்னாலேயே போய் ஹோல்மத்தைத் தெருவில் வைத்துக் கேட்டாள். அவன் கோபப்படவில்லை. அவளுக்கு விளக்கிச் சொல்கிற தோரணையில் நிதானமாகப் பேசினான்.

"அவரு உன்னைத்தானே கேட்டாரு? என்னைக் கேக்கலையே. என் வாயிலேர்ந்து ஒரு பொய் வந்துச்சா, சொல்லு."

வரவில்லைதான். ஊருக்கு இந்தக் கதை பிடித்துப்போயிற்று. ஓடையில் தண்ணீர் எடுக்கப் போனால், பன்னிரண்டு மெத்தைக்காரி வருகிறாள், வழி விடுங்கள் என்றார்கள் பெண்கள். நாற்பத்தொன்றில் இருபத்தேழு வீடு கூரையில்லாமல் நின்றது. மற்ற இருபத்தாறு வீட்டுக்காரிகளுக்கும் தங்களைவிட மோசமாக ஏமாந்த ஒருத்தி கிடைத்ததில் ஒரு ஆறுதல்.

ஹோல்மத் வீட்டுக் கூரைக்கு ஹஷார் அழைத்தார்கள். ஒருவன் வீடு கட்டினால் ஊரே கூலியில்லாமல் வந்து கைகொடுக்கும், வீட்டுக்காரன் சாப்பாடு போடுவான். அழைத்த பிறகு போகாதவன் ஊரில் இல்லாதவன் கணக்கு. நசோகத்தும் போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு பகல் முழுக்கச் சேறு சுமந்தாள். வேறு வழியாக ஓடித் தப்பியிருந்த எட்டு ஆண்கள் தோள் கொடுத்து நடு உத்திரத்தை ஏற்றினார்கள். பொழுது சாய்வதற்குள் தகரம் மூடிவிட்டது. அந்தத் தகரத்தின் கீழ் முதல் தேநீரை அவளுக்குத்தான் கொடுத்தான் ஹோல்மத், அதே பூப்போட்ட கெண்டியிலிருந்து. அவள் குடித்தாள். குடிக்காமல் எழுந்து வந்திருந்தால் நான் அவளை மதித்திருப்பேன். ஆனால் எனக்கு எப்போதும் தலைக்கு மேல் கூரை இருந்தது.

ஜனவரியில் இரண்டாவது லாரிக்கு அறிவிப்பு வந்தது. இம்முறை ஒன்பது வீடு. ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை இருக்கும் வீடுகளுக்கு மட்டும். அதிலும் ஒன்றுமே இல்லாத வீடுகளுக்கு. செவ்வாய்க்கிழமை நுஸ்ரத் வருகிறான்.

பட்ட அடி நசோகத்துக்கு நன்றாகவே உறைத்திருந்தது. செவ்வாய் விடியும்போதே தன் சொந்த மூன்று மெத்தையையும் சவ்ரி தலையில் ஏற்றி, பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு அனுப்பினாள். மாவுப் பையை வைக்கோலுக்கு அடியில் புதைத்தாள். அடுப்பை அணைத்து, சாம்பலை வாரி வெளியே கொட்டி, சூடு தெரியாமல் மேலே தண்ணீர் தெளித்தாள். பானையைக் கவிழ்த்தாள். பரோத்தைச் சாக்கில் சுற்றி வைக்கோலில் கிடத்தினாள். அவனுக்கு முந்தின நாளிலிருந்து காய்ச்சல். கன்னம் சிவந்து கிடந்தது. விருந்தாளி பார்க்கட்டும் என்று அதையும் அவள் கணக்கில் சேர்த்துக்கொண்டாள் என்று சொன்னால், அவளைப் பற்றிப் பொய் சொன்னதாகாது.

செவ்வாய்க்கிழமை ஜீப் வரவில்லை. கணவாயில் பனி, நாளை வரும் என்று ஹோல்மத் சொல்லி அனுப்பினான். சாயங்காலம் சவ்ரி கேட்டாள்.

"அம்மா, மெத்தைய எடுத்துட்டு வரட்டுமா?"

விடியற்காலையிலேயே வந்துவிட்டால் என்ன செய்வது என்றாள் நசோகத். தன் கோட்டைக் கழற்றிப் பையன்மேல் போட்டு, அவனை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

புதன்கிழமையும் ஜீப் வரவில்லை. பரோத் ரொட்டியைத் தொடவில்லை. வெந்நீர் கேட்டான். அடுப்பு மூட்டினால் புகை தெரியும், சுவர் கதகதப்பாகும், வந்தவன் கையை வைத்துப் பார்ப்பான். பக்கத்து வீட்டில் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். வருகிற வழியிலேயே அது ஆறிவிட்டது. சவ்ரி மறுபடியும் மெத்தையைக் கேட்டாள்.

"ஒரே ஒரு நாள்டி. நாளைக்கு எப்படியும் வந்துடுவாரு. ரெண்டு நாள் பொறுத்தாச்சு, இப்போ போய்க் கெடுத்துக்கணுமா?"

வியாழக்கிழமை நடுப்பகலில், அவள் மடியில், பரோத்தின் இருமல் நின்றது. நின்றதும் முதலில் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. தூங்குகிறான் என்று நினைத்தாள். சவ்ரிதான் அவன் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போனாள்.

பொழுது சாய்வதற்குள் புதைத்துவிட்டார்கள். உறைந்த மண்ணைக் கடப்பாரையால் உடைக்க வேண்டியிருந்தது. ஊர் வந்தது. கேலி செய்த பெண்களே வந்து அவள் தலையைத் தங்கள் தோளில் சாய்த்துக்கொண்டார்கள், இடுப்பில் துக்கத்துணியைக் கட்டிவிட்டார்கள். சர்வினோஸ் எல்லோரையும்விட அதிகம் அழுதாள். சாவு வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியக்கூடாது. நாளைக்குச் சாப்பாடு நாங்கள் கொண்டுவருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை முற்பகலில் ஜீப் வந்தது.

சத்தம் தூரத்தில் கேட்டபோது நசோகத் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சவ்ரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சவ்ரியும் நேற்றிலிருந்து இரும ஆரம்பித்திருந்தாள். மகளின் அந்த இருமலைக் கேட்டதும் நசோகத் எழுந்தாள். ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை இருக்கும் வீடுகளுக்கு மட்டும். இடுப்பிலிருந்த துக்கத்துணியை அவிழ்த்தாள். அதை மடித்து மாவுப் பைக்குப் பக்கத்தில் வைக்கோலுக்குள் செருகினாள்.

நுஸ்ரத் உள்ளே வந்தான், பின்னால் ஹோல்மத். கவிழ்ந்த பானை, செத்த அடுப்பு, மெத்தையில்லாத தரை. நுஸ்ரத்தின் முகம் வாடிவிட்டது. போன தடவை அவள் கையால் சாப்பிட்ட புலாவின் ருசி இன்னும் நாக்கில் இருப்பதாகவும், இப்படி ஆகிவிட்டதே என்றும் சொன்னான். படிவத்தை எடுத்துக்கொண்டான்.

அப்போதுதான் வாசலில் அரவம் கேட்டது. நசோகத் வெளியே பாய்ந்தாள். ஏழெட்டுப் பெண்கள் பனியில் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் சர்வினோஸ், இரண்டு கையிலும் பெரிய கிண்ணம், துணி மூடி, ஆவி பறந்தது. மற்றவர்கள் கையில் ரொட்டி, ரசம், தேநீர்க் கெண்டிகள். வாசலில் கால் வைத்ததும் ஒப்பாரியைத் தொடங்க வேண்டும் என்பது முறை. சர்வினோஸ் வாயைத் திறந்தாள். நசோகத் குறுக்கே போய் நின்றாள்.

"எடுத்துட்டுப் போங்க. இந்த வீட்டுல யாரும் சாகல."

உள்ளே கேட்காதபடி தணிந்த குரலில் சொன்னாள். ஒருத்தி மட்டும் ரொட்டியை மார்போடு அணைத்தபடி ஒரு அடி பின்னால் போனாள், ஏதோ தொற்று நோய்க்காரியைப் பார்த்த மாதிரி. நசோகத் திரும்பி உள்ளே வந்தாள். யார் வந்தது என்று நுஸ்ரத் கேட்டான். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரவல் கேட்டு வந்தார்கள், இல்லையென்று அனுப்பிவிட்டேன் என்றாள்.

ஹோல்மத் தொண்டையைக் கனைத்தான். "ஐயா, இந்த வீட்டுல நேத்து..." என்று ஆரம்பித்தவன் அவள் கண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். நுஸ்ரத் கவனிக்கவில்லை. படிவத்தின் கடைசிக் கேள்விக்கு வந்திருந்தான்.

"சின்னவன் எங்கக்கா? என் மடியில உக்காந்து திராட்சை தின்னானே."

"தூங்குறான்."

மூலையில் வைக்கோல் மேல் சாக்கு குவிந்து கிடந்தது. அதற்குள் அவளுடைய பழைய கோட்டைத் தவிர ஒன்றும் இல்லை. நுஸ்ரத் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். நல்ல மனிதன்.

"எழுப்ப வேணாம். தூங்கட்டும்."

அதற்கப்புறம் கேட்டதையெல்லாம் கிசுகிசுப்பாகவே கேட்டான். எழுதி முடித்து, சப்பாத்துச் சத்தம் வராமல் நுனிக்காலில் நடந்து வெளியே போனான். ஹோல்மத்தும் அப்படியே நடந்தான். வாசலில் பெண்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். சுவருக்குக் கூரை கிடையாது, உள்ளே பேசியது அவ்வளவும் வெளியே கேட்டிருந்தது. ஜீப் கிளம்பிப் போன பிறகு அவர்களும் சோற்றோடு திரும்பிப் போனார்கள்.

"அம்மா, இப்போ மெத்தைய எடுத்துட்டு வரட்டுமா?" என்றாள் சவ்ரி.

எடுத்துவரச் சொன்னாள் நசோகத். சவ்ரி போனபோது அந்த வீட்டுக்காரி மெத்தைகளை ஏற்கனவே தெருவில் பனிமேல் கொண்டுவந்து போட்டிருந்தாள்.

ஒரு மாதத்தில் தகரம் வந்தது. பட்டியலில் நசோகத் முதல் பெயர். பதினெட்டுத் தகரம், ஆறு சிறு மரம், ஒரு நடு உத்திரம், ஒரு பை ஆணி. லாரிக்காரர்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். அவள் ஹஷார் அழைக்கக் கிளம்பி ஒவ்வொரு வாசலாகப் போனாள். முறைப்படி எழுந்து வந்தார்கள், கேட்டுக்கொண்டார்கள், வருகிறோம் என்றும் சொல்லவில்லை, வரமாட்டோம் என்றும் சொல்லவில்லை. ஹோல்மத் வீட்டில் மட்டும் பதில் கிடைத்தது. சர்வினோஸ் வாசலுக்கு வெளியே வந்து, புதிதாகப் போட்ட கதவைப் பின்னால் சாத்திக்கொண்டு நின்றாள்.

"உன் மவனுக்காக ஆக்கின சோத்தை அன்னைக்கு நாங்க நாய்க்குத்தான் போட்டோம். எங்க ஆம்பளைங்க கை இப்போ உன் உத்திரத்தைத் தொடாது."

"உன் மெத்தைலதான் எல்லாம் ஆரம்பிச்சுது" என்றாள் நசோகத்.

"மெத்தை என்னுதுதான். பெத்தது நீ" என்றாள் சர்வினோஸ்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் நசோகத் இருந்த மாவையெல்லாம் பிசைந்தாள். அடுப்பை நன்றாக மூட்டி இருபது ரொட்டி சுட்டாள். ஹஷாருக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும் அல்லவா. தரையைக் கூட்டி, தஸ்தர்கானை விரித்து, ரொட்டியை நடுவில் அடுக்கி, மூன்று மெத்தையையும் சுற்றிப் போட்டாள். தாயும் மகளும் முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்கள். தெருவில் ஆட்கள் போனார்கள், வந்தார்கள். யாரும் உள்ளே திரும்பவில்லை. மதியத்துக்கு மேல் இருவரும் எழுந்து நடு உத்திரத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். சவ்ரி பிடித்த முனை தரையை விட்டு எழவில்லை. நான்கு தகரத்தை மட்டும் இழுத்து வந்து சுவரில் சாய்த்து, காற்றில் பறக்காமல் அடியில் கல் வைத்தார்கள். ஒருவர் படுக்கிற அகலம் இருந்தது. அதற்குள் சவ்ரியைப் படுக்க வைத்து, மூன்று மெத்தையையும் அவள்மேல் போட்டாள் நசோகத்.

பனி விழத் தொடங்கியது. அவள் தஸ்தர்கானுக்குத் திரும்பி வந்து, ரொட்டிமேல் விழுந்ததைத் துணியால் தட்டிவிட்டு, விருந்தாளி வந்தால் வீட்டுக்காரி எங்கே உட்கார்வாளோ அங்கே உட்கார்ந்தாள். அன்று விரித்திருந்ததில் எதுவும் இரவல் இல்லை.